நமீபியாவுல கல்லு வாங்கறவங்களுக்கு: ஸ்பிட்ஸ்கொப்பே ரோட்டோர சந்தையும் ஸ்வகோப்முண்ட் கேலரியும், என் ரிவ்யூ

தீர்ப்ப முதல்லயே சொல்லிடறேன். நமீபியாவுல கல்லு வாங்கணும்னா தோண்டி எடுக்கறவங்களே கடை போட்டிருக்கற ரோட்டோர சந்தையில வாங்குங்க, கண்ணுக்கு விருந்து வேணும்னா ஸ்வகோப்முண்ட் கேலரிக்கு போங்க, பாலைவனத்துல தரையில கிடக்கறத மட்டும் நீங்களா பொறுக்கி பைக்குள்ள போடாதீங்க. ஏன்னு கீழ நீட்டி முழக்கியிருக்கேன், அவசரத்துல இருக்கறவங்க கடைசி பாராவுக்கு போயிடலாம்.

கல் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு இந்த நாடு ஏன் சொர்க்கம்னா இங்க மண்ணு மூடல, மரம் மூடல, மலை எலும்பும் தோலுமா அப்படியே வெளிய நிக்குது. கரிபிப், உசாகோஸ் பக்கம் இருக்கற பெக்மடைட் (பெரிய பெரிய படிகமா இறுகின, கிரானைட் மாதிரி) பாறையெல்லாம் சுமார் 50 கோடி வருஷம் பழசு. எரோங்கோ, ஸ்பிட்ஸ்கொப்பே, பிராண்ட்பெர்க் மலைங்க அதுக்கெல்லாம் ரொம்ப பின்னாடி, ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிய ஆரம்பிச்ச காலத்துல, சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னாடி கீழ இருந்து குழம்பா ஏறி வந்தது. கிரானைட் குழம்பு ஆறி இறுகும்போது எந்த பாறைக்குள்ளயும் அடங்காத சாமானெல்லாம், போரான் பெரிலியம் ஃபுளோரின் மாதிரி ஐட்டங்க, கடைசியா மிச்சமிருக்கற தண்ணி கலந்த திரவத்துல ஒதுங்கிடும், அது பாறைக்குள்ள சின்ன சின்ன பொந்துல தங்கி நிதானமா படிகமா வளரும். போரான் இருந்தா டூர்மலின், பெரிலியம் இருந்தா அக்வாமெரைன், ஃபுளோரின் இருந்தா டோபாஸும் ஃபுளோரைட்டும். இத தெரிஞ்சுக்கிட்டு போனா மேசையில இருக்கற கல்லு ஒவ்வொண்ணும் எந்த மலையோட சரக்குன்னு ஓரளவுக்கு நீங்களே சொல்லிடுவீங்க, வியாபாரம் பேசும்போது அந்த ஒண்ணு போதும், எதிர்ல இருக்கறவங்களுக்கு உங்க மேல ஒரு மரியாதை வந்துடும்.

சரி சந்தைக்கு வரேன். விண்ட்ஹுக்ல இருந்து ஸ்வகோப்முண்ட் போற பி2 ரோடு, கரிபிப் தாண்டி உசாகோஸ் தாண்டி, வலது பக்கம் ஸ்பிட்ஸ்கொப்பேக்கு திரும்பற மண் ரோடு வரும் பாருங்க, அந்த முக்குல தான் உய்பா-ஓவாஸ் கிரிஸ்டல் மார்க்கெட். தூரத்துல, கடல் மட்டத்துல இருந்து 1,728 மீட்டர் உசரத்துல ஸ்பிட்ஸ்கொப்பே மலை கூரா நிக்கும், அத வச்சே கண்டுபிடிச்சிடலாம். சுத்துப்பட்டு சின்ன சுரங்கக்காரங்க கூட்டுறவா சேர்ந்து நடத்தற இடம் இது. ஆளாளுக்கு ஒரு மேசை, மேல தகரமோ வலையோ நிழலுக்கு, மேசை பூரா கல்லு. ஏசி கிடையாது, ஸ்பாட்லைட் கிடையாது, கண்ணாடி பெட்டி கிடையாது, ஆனா கல்ல பாக்க வெயிலை விட நல்ல லைட் எது, அதுவும் அந்த ஊர் வெயில்.

மேசையில என்ன கிடைக்கும்னா கருப்பு டூர்மலின் தான் அதிகம், அதுக்கு ஷோர்ல்னு பேரு, எரோங்கோ மலையில இருந்து வர்றது, பளபளன்னு பக்கமெல்லாம் கோடு கோடா இருக்கும், வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் மேல ஒட்டி நிக்கறது கிடைச்சா விடாதீங்க. புகை கலர் குவார்ட்ஸ், ஃபுளோரைட், ஸ்பிட்ஸ்கொப்பே டோபாஸ் (நிறமே இல்லாம தண்ணி மாதிரி இருக்கும், அங்க இத சில்வர் டோபாஸ்னு சொல்றாங்க), பிராண்ட்பெர்க்குக்கு மேற்க கோபோபோசெப் மலையில இருந்து வர்ற அமெதிஸ்ட். இந்த கடைசி ஐட்டம் பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை. ஒரே கல்லுக்குள்ள ஊதா, புகை, வெள்ளைன்னு அடுக்கடுக்கா இருக்கும், சிலதுல உள்ள ஒரு துளி தண்ணியும் ஒரு காத்து குமிழியும் மாட்டியிருக்கும், சாய்ச்சா அந்த குமிழி நகரும். கோடிக்கணக்கான வருஷமா அடைஞ்சு கிடக்கற தண்ணி உங்க கையில இப்படியும் அப்படியும் ஓடுது, அத பாத்ததுக்கப்புறம் விலை பேசற தைரியமே போயிடுது எனக்கு. அக்வாமெரைனும் வரும், 2000 வாக்குல எரோங்கோவுல பெரிய பெரிய பாக்கெட்டா (படிகம் நிறைஞ்ச பொந்து) கிடைச்சதுன்னு கல் சேகரிக்கற கலெக்டருங்க இன்னைக்கும் கதை கதையா சொல்லுவாங்க, இப்ப மேசைக்கு வர்றது பெரும்பாலும் சின்னது, நல்லதெல்லாம் டீலருங்க முன்னாடியே அள்ளிட்டு போயிடறாங்க.

விலைன்னு பாத்தா நமீபியன் டாலர் நம்ம காசுக்கு சுமார் அஞ்சு ரூபா வரும், தென்னாப்பிரிக்க ராண்டும் அதே மதிப்புல அங்க செல்லும். விரல் சைஸ் டூர்மலின் ஒரு டீ பிஸ்கட் காசுக்கு கூட கிடைக்கும், மேட்ரிக்ஸோட (அது வளர்ந்த பாறையோட சேர்த்து) நல்ல பீஸுன்னா ஆயிரக்கணக்குல போகும், நடுவுல எல்லா ரேஞ்சும் உண்டு. பேரம் பேசலாம், பேசணும், ஆனா அடிமாட்டு விலைக்கு பேசாதீங்க. நான் வாங்கின மேசையில இருந்த அக்கா கிட்ட இந்த கல்லு எங்க எடுத்ததுக்கான்னு கேட்டேன், மலை பேரு சொன்னாங்க, மலையில எந்த பக்கம்னு கைய நீட்டி காட்டினாங்க, யாரு தோண்டினதுன்னு பக்கத்துல உக்காந்திருந்தவர பாத்து தலைய ஆட்டினாங்க, அவரும் சிரிச்சிட்டு உள்ளங்கைய விரிச்சு காட்டினாரு, காப்பு காய்ச்ச கை. சுத்தியல், உளி, கயிறு, குடிக்கற தண்ணிய முதுகுல கட்டிக்கிட்டு மலை ஏறுவாங்களாம், மேலயே தங்கி வெட்டுவாங்களாம், சில தடவ ஒண்ணுமே கிடைக்காம இறங்குவாங்களாம். மெஷின் எதுவும் கிடையாது. இந்த ஒரு நிமிஷ பேச்சு எந்த ஷோரூம்லயும் கிடைக்காது, எனக்கு இதுக்கே ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா இந்த நாட்டோட கல் சரித்திரமே கண்டெடுத்தவனுக்கு ஒண்ணும் கிடைக்காத சரித்திரம். 1908-ல லூடரிட்ஸ் பக்கம் ரயில் தண்டவாளத்துல மண்ணு தள்ளிக்கிட்டிருந்த சகரியாஸ் லெவாலாங்கற தொழிலாளி ஒரு வைரத்த பாத்து எடுத்து மேலதிகாரி ஆகஸ்ட் ஸ்டாவ்ஹ் கிட்ட கொடுத்தாரு. ஸ்டாவ்ஹ் கோடீஸ்வரர் ஆனாரு, ஜெர்மன் அரசு அதே வருஷம் அந்த தெற்கு பக்கத்த அப்படியே வளைச்சு ஷ்பெர்கெபீட், அதாவது யாரும் நுழையக்கூடாத பகுதின்னு அறிவிச்சுது, லெவாலாவுக்கு காசும் இல்ல பரிசும் இல்ல. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பவும் கல்லு மூணு கை மாறி ஐரோப்பா கண்காட்சிக்கு போகும்போது தான் விலை ஏறுது. அந்த சங்கிலியில முதல் கை கிட்ட நேரா காசு கொடுக்கற வாய்ப்பு இந்த மாதிரி சந்தையில தான் இருக்கு.

ஆனா ரோட்டோரம்னாலே எல்லாரும் சத்தியசந்தர்னு நினைச்சுக்காதீங்க. பொதுவா ரோட்டோர மேசைங்கள்ல (இந்த சந்தைன்னு சொல்லல, நாடு பூரா, உலகம் பூரா) உடைஞ்ச படிகத்த வேற பாறை மேல பசை வச்சு ஒட்டி விக்கறது சகஜம். சின்ன யூவி டார்ச் ஒண்ணு வாங்கி சாவிக்கொத்துல மாட்டிக்கோங்க. கல்ல நிழல்ல பிடிச்சு அடிச்சு பாருங்க, படிகமும் பாறையும் சேர்ற இடத்துல நீலம் கலந்த வெள்ளையா ஒரு கோடு மின்னினா அது பசையா இருக்க நிறைய சான்ஸ். அதே சமயம் பளிச்சுன்னு பச்சையா மின்னினா பதறிடாதீங்க, எரோங்கோ கல்லு மேல ஹயலைட் ஓபல்னு கண்ணாடி பூசின மாதிரி ஒரு படலம் இருக்கும், அதுல துளியூண்டு யுரேனியம் கலந்திருக்கறதால அப்படி மின்னும், அது கூடுதல் அழகு, அந்த பீஸ வாங்கிடுங்க. பசை எப்பவும் மறைவா இடுக்குல இருக்கும், ஹயலைட் மேல தோல் மாதிரி பரவியிருக்கும், ரெண்டு மூணு பாத்தா பழகிடும்.

இன்னொரு விஷயம், சுமெப்னு யாராவது சொன்னா காது கொடுங்க ஆனா பர்ஸ திறக்காதீங்க. வடக்க இருக்கற சுமெப் சுரங்கம் உலகத்துல கனிமக்காரங்களுக்கு கோயில் மாதிரி, ஒரே குழியில இருந்து 300 வகைக்கு மேல தாது, அதுல எத்தனையோ உலகத்துலயே முதல் முறையா அங்க தான் அடையாளம் கண்டது. நீல அசுரைட், பச்ச டயாப்டேஸ் போட்டோவெல்லாம் பாத்திருப்பீங்க. அந்த சுரங்கம் 1996-லயே மூடியாச்சு. அதனால நேத்து தான் சுமெப்ல எடுத்தோம்னு ஒருத்தர் சொன்னா சிரிச்சிட்டு நகர்ந்துடுங்க, நிஜ சுமெப் பீஸுன்னா பழைய லேபிளோட பழைய கலெக்‌ஷன்ல இருந்து வரணும்.

ஸ்வகோப்முண்ட் போனா கிறிஸ்டல் கேலரி. டிக்கெட் உண்டு, கொடுத்துட்டு உள்ள போங்க, ஏன்னா அங்க ஒரு குவார்ட்ஸ் கொத்து இருக்கு, 14 டன், சுமார் 52 கோடி வருஷம் பழசு, காட்சிக்கு வச்சிருக்கறதுலயே உலகத்துல பெரிய படிக கொத்துன்னு சொல்றாங்க. கரிபிப் பக்கம் ஒட்ஜுவா பண்ணையில 1985-ல கண்டுபிடிச்சு, உடையாம வெளிய எடுக்க அஞ்சு வருஷம் ஆச்சாம். போட்டோவுல அந்த சைஸ் பிடிபடாது, பக்கத்துல ஒரு ஆள நிக்க வச்சா தான் புரியும். உள்ள நுழையற வழிய அத எடுத்த குகை மாதிரியே கட்டியிருக்காங்க, பசங்களுக்கு பாலிஷ் போட்ட கல்லு குவியல்ல குந்தி பொறுக்கற இடம் தனியா இருக்கு, குடும்பத்தோட போறவங்களுக்கு அது பெரிய உபகாரம், பசங்க அங்க மூழ்கிடுவாங்க நீங்க நிம்மதியா டூர்மலின் பாக்கலாம். நகைப்பகுதியில வெட்டி தீட்டின நமீபிய டூர்மலின் பச்சை, நீலம், ரோஸ்னு இருக்கும், விலை நகைக்கடை விலை தான். நான் அங்க பாத்ததோட சரி, என் ரசனை பாறையோட ஒட்டின கரடுமுரடு கல்லு, தீட்டினது வேணும்ங்கறவங்களுக்கு பில்லோட சர்டிபிகேட் பத்தியும் கேட்டு வாங்க நல்ல இடம்.

அதே டவுன்ல பேரு சொல்ல விரும்பாத ஒரு சுவனீர் கடையில ரத்தச் சிவப்புலயும் மின்சார நீலத்துலயும் அகேட் வில்லை அடுக்கி வச்சு நமீபியா கல்லுன்னு போர்டு போட்டிருந்தாங்க. அந்த மின்சார நீலத்துல அகேட் எந்த மலையிலயும் விளையாது, சாயம். எந்த ஊர்ல எடுத்ததுன்னு கேட்டதுக்கு ஹியர் ஒன்லின்னு ஒரே பதில், எந்த இடம்னு திருப்பி கேட்டா ஃபோன பாக்க ஆரம்பிச்சிட்டாரு. நமீபியாவோட நிஜ அகேட் பாக்கணும்னா தெற்க இருந்து வர்ற ப்ளூ லேஸ் அகேட் கேளுங்க, வெளிறின நீலத்துல வெள்ளை கோடு நெளிஞ்சு நெளிஞ்சு போகும், கண்ண குத்தவே குத்தாது. பீட்டர்சைட்டும் கேக்கலாம், 1962-ல சிட் பீட்டர்ஸ்ங்கறவர் நமீபியாவுல கண்டுபிடிச்சது, புயல் மேகம் மாதிரி நீலமும் பொன் நிறமும் சுழலும். இத இன்ஸ்டாகிராம்ல ஏழு சக்கரத்தையும் திறக்கும்னு சொல்லி பத்து மடங்கு விலைக்கு விக்கறாங்க, சக்கரம் திறக்குதோ இல்லையோ விக்கறவன் கல்லாப்பெட்டி நல்லா திறக்குது.

இப்ப முக்கியமான சமாச்சாரம், நீங்களா பொறுக்கறது. டூர் டிரைவர் ஒருத்தர் வண்டிய நிறுத்தி, பாலைவனம் தானே சார் யாரு கேக்கப்போறா எடுத்துக்கோங்கன்னு ரொம்ப தாராளமா சொன்னாரு. கேக்க ஆள் இருக்கு. நேஷனல் பார்க்குக்குள்ள எதையும் எடுக்கக்கூடாது, ஸ்வகோப்முண்ட சுத்தியிருக்கற கடற்கரை பாலைவனமே 2010-ல இருந்து டோரோப் நேஷனல் பார்க். பண்ணை நிலம்னா உரிமையாளர் அனுமதி வேணும். மைனிங் கிளெய்ம் (ஒரு இடத்துல தோண்டற உரிமை) நமீபிய குடிமக்களுக்கு தான், ஒருத்தர் கிளெய்ம்ல நீங்க சுத்தியல் எடுத்தா அது அவர் சோத்துல கைய வைக்கறது. லைசன்ஸ் இல்லாம பட்டை தீட்டாத வைரம் கையில இருந்தாலே கேஸ், அதுக்கு தனி சட்டமே இருக்கு, கொண்டாந்து நீட்டறவன் கிட்ட விலை கூட கேக்காதீங்க. விண்கல்லும் பாதுகாக்கப்பட்டது. குரூட்ஃபோன்டெய்ன் பக்கம் ஹோபா விண்கல் சுமார் 60 டன், 1920-ல நிலத்துல ஏர் ஓட்டும்போது தட்டுப்பட்டது, வந்தவன் போனவனெல்லாம் ரம்பம் போட்டு துண்டு எடுக்க ஆரம்பிச்சதால 1955-ல தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க. தெற்க கிபியன்ங்கற ஊர் பக்கம் விழுந்த கிபியன் விண்கல் பாக்கணும்னா விண்ட்ஹுக் போஸ்ட் ஸ்ட்ரீட் மால்ல வரிசையா கம்பத்து மேல நிறுத்தியிருக்காங்க, இலவசமா தொட்டு பாக்கலாம். கோரிக்சாஸ் பக்கம் கல்லா மாறின மரங்க, சுமார் 28 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு வந்து மணல்ல புதைஞ்சது, கைடோட தான் உள்ள விடுவாங்க, ஒரு சில்லு கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

சட்டத்த விடுங்க, அது இல்லன்னாலும் நான் எடுக்க மாட்டேன், காரணம் கல்லுக்கு அடியில இருக்கு. நமீப் சரளை சமவெளியில வெள்ளை குவார்ட்ஸ் கூழாங்கல் சிதறி கிடக்கும், ஒண்ண மெதுவா திருப்பி பாத்தா அடிப்பக்கம் பச்சையா ஒரு பூச்சு. அது பாசி மாதிரி பச்சையா இருக்கற பாக்டீரியா, சயனோபாக்டீரியான்னு பேரு. கடல்ல இருந்து வர்ற மூடுபனி ஈரம் கல்லுக்கு கீழ தங்கும், குவார்ட்ஸ் கொஞ்சம் ஒளி ஊடுருவற கல்லுங்கறதால வெளிச்சம் அளவா உள்ள போகும், வெயில் சுடாது, அந்த இடுக்குல ஒரு உலகம் வாழுது. கல்ல எடுத்தா அந்த உலகம் செத்துது. கைட் காட்டினத பாத்துட்டு அதே குழியில அதே பக்கமா திருப்பி வச்சோம். பக்கத்துலயே தரை பூரா லைக்கன் (பூஞ்சையும் பாசியும் ஒண்ணா சேர்ந்து வாழற உயிர்), தொட்டா உதிர்ற மாதிரி இருக்கும், ஒரு வண்டி ரோட்ட விட்டு இறங்கினா அந்த டயர் தடம் பல பத்து வருஷம் அழியாது, போன நூற்றாண்டுக்கு முந்தின மாட்டு வண்டி தடமெல்லாம் இன்னும் தெரியுதுன்னு சொல்றாங்க. தெற்க போனா இன்னும் வேடிக்கை, கூழாங்கல்லுன்னு குனிஞ்சா அது லித்தாப்ஸ், செடி! கல்லு மாதிரியே வேஷம் போட்டு பிழைக்குது, அதையும் திருடி விக்க ஒரு கூட்டம் இருக்கு.

வாங்கினதுக்கப்புறம் செய்ய வேண்டியது. ரசீது கண்டிப்பா கேளுங்க, மேசைக்காரங்க கிட்ட புக் இல்லன்னா ஒரு பேப்பர்ல கல் பேரு, எடுத்த இடம், தேதி, விலை எழுதி கையெழுத்து வாங்குங்க. தாதுங்கள நாட்ட விட்டு வெளிய கொண்டு போக பெர்மிட் வேணும்னு 1992 மினரல்ஸ் சட்டத்துல இருக்கு, அதனால எவ்ளோ வாங்கறீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி வாங்கற இடத்துலயோ சுரங்க அமைச்சகத்துலயோ விசாரிச்சு பேப்பர ரெடி பண்ணிக்கோங்க, ஏர்போர்ட்ல போய் முழிக்காதீங்க. அந்த எடுத்த இடம்ங்கற வரிய மட்டும் தொலைச்சிடாதீங்க, கலெக்டருங்க மத்தியில இடம் தெரியாத படிகம் வெறும் ஷோகேஸ் பொம்மை, விலையும் பாதி கூட தேறாது. பேக்கிங்குக்கு டாய்லெட் பேப்பர் ரோலும் முட்டை அட்டையும் போதும், முனை இருக்கற பக்கம் பஞ்சு வைங்க, ஹேண்ட் லக்கேஜ்ல வச்சா செக்யூரிட்டில கேள்வி வரும், செக்-இன்ல போடுங்க, வெயிட் லிமிட்ட மனசுல வச்சு வாங்குங்க, இது கல்லு.

அப்புறம் ஹென்டீஸ் பே தாண்டி கேப் கிராஸ் போற உப்பு ரோட்டுல ஒரு போனஸ். ரோட்டோரம் டிரம் மேலயோ பலகை மேலயோ ரோஸ் கலர் உப்பு படிகம் வச்சிருப்பாங்க, ஆளே இருக்காது, ஒரு துருப்பிடிச்ச டப்பா மட்டும் இருக்கும், காச போட்டுட்டு எடுத்துக்கணும். வீட்டுக்கு கொண்டாந்தா டப்பாவுல மூடி வைங்க, நம்ம ஊர் ஈரத்துல கரைஞ்சு தண்ணியாயிடும்.

மதிப்பெண்: உய்பா-ஓவாஸ் சந்தைக்கு அஞ்சுக்கு நாலரை, கிறிஸ்டல் கேலரிக்கு அஞ்சுக்கு நாலு, அந்த சாயம் போட்ட அகேட் கடைக்கு பெருசா ஒரு கும்பிடு. சந்தைக்கு காலையிலயே போங்க, மதியம் போனா கல்லு கையில சுடும். கேஷ் எடுத்துட்டு போங்க, சில்லறையா, இருநூறு டாலர் நோட்டு நீட்டினா பக்கத்து மேசைக்கு ஓடி மாத்திட்டு வர்றாங்க பாவம். தொப்பி, தண்ணி, யூவி டார்ச், லூப் (சின்ன பூதக்கண்ணாடி) ஒண்ணு. பெட்ரோல் உசாகோஸ்லயே ஃபுல் பண்ணிடுங்க, ஏன்னா கல்ல பாத்ததுக்கப்புறம் எப்படியும் ஸ்பிட்ஸ்கொப்பே வரைக்கும் போகணும்னு தான் தோணும், அது போக வர மண் ரோடு.